சாக்கனுக்குக் கொடுத்த மீன்

ஒக்டோபர் மாதம் முழுக்க மாதா சுரூபம் அந்தக் குறுகிய ஒழுங்கையின் வீடுகளில்தான் இருக்கும். கோயிலிலிருந்து இறக்கிய ஒன்றரை அடி மரச் சுரூபம், ஒரு நாளைக்கு ஒரு வீடாகத் தங்கும். பொழுதுபடுகிற நேரம் சனம் கூடிச் செபமாலை சொல்லும். மறுநாள் பின்னேரம் அந்த வீட்டுக்காரி சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டு வேலிப் படலையில் நிற்பாள். அடுத்த வீட்டுக்காரி முக்காடு போட்டுக்கொண்டு வந்து கை நீட்டி வாங்குவாள். கையிலிருந்து கைக்கு. நிலத்தில் வைக்கிறதில்லை, நடுவில் வேறொருத்தி புகுகிறதுமில்லை. ஊர்காவற்றுறைக் கரையில் அந்த ஒழுங்கை உண்டான நாளிலிருந்து அப்படித்தான்.

இந்த முறை வெள்ளிக்கிழமை, ஜசிந்தா வீட்டிலிருந்து அன்ரனிதாஸ் வீட்டுக்கு மாதா வரவேண்டும்.

“நான் வாங்க மாட்டன்,” என்றாள் அன்ரனிதாசின் மனைவி ஞானசவுந்தரி. புதன்கிழமை காலை, குசினி வாசலில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “நஞ்சு வைச்ச கை அது. அந்தக் கையிலயிருந்து நான் ஒண்டும் வாங்கன்.”

அன்ரனிதாஸ் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

“மாதாவை நடு ஒழுங்கையில நிப்பாட்டப் போறியோ?”

“நானோ நிப்பாட்டுறன்? வாயில்லாத சீவனுக்கு மருந்து வைச்சவவைப் போய்க் கேளுங்கோ.”

“வைச்சதைக் கண்டனியோ?”

“காணத் தேவையில்லை. சொல்லிப்போட்டுச் செய்தவ. ஒழுங்கை முழுக்கக் கேக்கச் சொன்னவ.” கத்தியை ஓங்கி மீன் தலையில் ஒரு போடு போட்டாள். “நீங்களும் ஒரு ஆம்பிளை. ஆறு வருசம் உங்கட காலுக்குள்ள கிடந்ததைச் சாகடிச்சுப்போட்டாள். போய் ஒரு வார்த்தை கேட்டியளோ?”

அவன் நூலைப் பல்லால் அறுத்தான். கேட்கவில்லைத்தான். ஏன் கேட்கவில்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

சாக்கன் அவர்களுடைய பூனை. அது வந்த கதையில் இரக்கமும் இல்லை, தருமமும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் அன்ரனிதாஸ் யாழ்ப்பாணம் போய் வலைக்கு நூலும் ஈயமும் வாங்கிக்கொண்டு மோட்டச்சைக்கிளில் திரும்பி வந்தான். கடலுக்குக் குறுக்கே போகிற பண்ணைத் தாம்போதியில், கரையோரக் கல்லில் ஒரு சாக்குக் கிடந்தது. வாய் கட்டியிருந்தது. கிழியாத, நல்ல சாக்கு. ஐஸ்கட்டி மூட உதவும் என்று நிறுத்தி இறங்கினான். தூக்கினால் ஈரப் பாரம். அவிழ்த்துக் கவிழ்த்தபோது நாலு குட்டிகள் விழுந்தன. மூன்று விறைத்துப்போயிருந்தன. நாலாவது வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

வேண்டாத குட்டிகளை அப்படிக் கொண்டுபோய் விடுகிறவர்கள் உண்டு. அவனும் விட்டிருக்கிறான். சாக்கின் வாயைக் கட்டினதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். செத்த மூன்றையும் கல்லிடுக்கில் தள்ளி மண்ணை இழுத்து மூடினான். நாலாவதைக் கல்லின் மேல் வைத்தான். சாக்கை மடித்து சீற்றுக்குக் கீழே செருகிக்கொண்டு புறப்பட்டான். நூறு யார் தூரம் போயிருப்பான், திரும்பி வந்தான். ஏன் வந்தாய் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். “தெரியாது. மோட்டச்சைக்கிள் திரும்பினது,” என்பான்.

“சாக்கெடுக்கப் போய்ப் பூனையோட வந்து நிக்கிறார்,” என்று ஞானசவுந்தரி தலையில் அடித்தாள். “மீன் காயப்போடுற வீட்டில பூனையோ? உங்களுக்கென்ன விசரோ?” அப்படிச் சொன்னவள்தான் பால்மாவைக் கரைத்து, மகள் சின்னதில் குடித்த மருந்துப் போத்தலின் சொட்டுக்குழாயைத் தேடியெடுத்து, மூன்று நாள் ஊட்டினாள். நாலாம் நாள் குட்டி அவளுடைய விரலைக் கடித்தது. இரத்தத்தைச் சீலையில் துடைத்துக்கொண்டு, “இனிச் சாகாது,” என்றாள். சாக்கில் வந்ததால் சாக்கன் என்று பெயர் விழுந்தது.

செம்மஞ்சள் நிறம், வயிறு மட்டும் வெள்ளை. வளர்ந்து ஒரு முரட்டுக் கடுவன் பூனையாக வந்தது. கண்ட கண்ட கடுவன்களோடெல்லாம் அடிபட்டு ஒரு காது பாதி போயிற்று. நல்ல பூனை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அலுமாரிக்குள் புகுந்து கோயிலுக்குக் கட்டுகிற சீலையில் மூத்திரம் பெய்தது. பெரிய வெள்ளிக்கிழமை, வீடே இறைச்சி தொடாமல் சுத்த போசனம் இருக்க, எங்கேயோ ஒரு எலும்பைக் கவ்விக்கொண்டு வந்து நடு வீட்டில் வைத்துக் கடித்தது. மன்னாரில் கட்டிக்கொடுத்த மகள் நிரோஜினி போன் எடுத்தால், “முதல்ல சாக்கனைக் காட்டுங்கோ,” என்பாள். தாய் தகப்பன் முகமெல்லாம் பிறகுதான்.

மகள் போன பிறகு அந்த வீட்டில் பேச்சு வற்றியிருந்தது. சண்டை ஒன்றுமில்லை. முப்பது வருடத்தில் புருசனும் பெண்சாதியும் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தார்கள். சாக்கன் வந்தபின், பிள்ளையிடம் தாய் தகப்பனுக்குச் சொல்லிவிடுவது போல, பேச்சு அதன் வழியாக ஓடத் தொடங்கிற்று.

“சாக்கன், கொப்பரிட்டைச் சொல்லு, அரிசி முடிஞ்சுதெண்டு.”

“கொம்மாட்டைச் சொல்லடா, அரிசி வாங்கிற மீன் இன்னும் கடலுக்குள்ள நீந்துதெண்டு.”

“அப்ப அந்த மீன் வருமட்டும் கொப்பரைத் தண்ணியைக் குடிக்கச் சொல்லு.”

பூனை நடுவில் இருந்துகொண்டு காலை நக்கும். இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதற்கு அது கிட்டத்தட்டச் சமம்.

கரையிலும் சாக்கனுக்கு ஒரு இடம் இருந்தது. அன்ரனிதாஸ் கிறிஸ்தோப்பரோடு தொழிலுக்குப் போகிறவன். போட்டும் எஞ்சினும் கிறிஸ்தோப்பருடையவை, வலை அன்ரனிதாசுடையது. கிறிஸ்தோப்பர் பதினைந்து வயது இளையவன், வாய்க்காரன். விடியும்போது போட்டுகள் கரைக்கு வரும். அத்தனை எஞ்சின் சத்தத்துக்குள்ளும் இந்த எஞ்சினைப் பிரித்தறிந்து சாக்கன் ஒழுங்கையால் ஓடிவரும்.

“தாசண்ணை, முதலாளி வந்திட்டார். எழும்பி நில்லுங்கோ,” என்பான் கிறிஸ்தோப்பர்.

அன்ரனிதாஸ் மணலில் இருந்துகொண்டு வலையை மடியில் போட்டு மீன் கழற்றுவான். சாக்கன் அவன் முதுகுக்குப் பின்னால் குந்தியிருக்கும். இடைக்கிடை அவன் ஒரு சின்ன மீனை, திரும்பிப் பாராமல், இடது கையால் பின்னுக்கு நீட்டுவான். விரலில் பல் படாமல் அது வாங்கிக்கொள்ளும். கரையில் மற்றப் பூனைகளும் காகங்களும் கழிவு மீனுக்கு அடிபடும். சாக்கன் மணலில் கிடந்ததை முகர்ந்தும் பாராது. கையால் கொடுக்க வேண்டும்.

“விதானையார் வீட்டுப் பூனையெண்டு நினைப்பு. கோப்பை கரண்டியும் குடுங்கோவன், அண்ணை.”

அன்ரனிதாஸ் மீனைப் பார்க்கிறதில்லை. நாற்பது வருடம் வலை கழற்றின கை அது. ஓரா என்றால் முள் சொல்லும், மணலை என்றால் செதில் சொல்லும். பேத்தை என்றால் தொட்டவுடன் தெரியும், வயிற்றுத் தோல் அரம் மாதிரிச் சுரசுரக்கும். பேத்தை நச்சு மீன். தொட்டால் வயிற்றை ஊதிப் பந்தாகும். தின்றால் மனிசரே சாவார்கள். வலையில் வந்தால் கரையில் போடாமல் கடலுக்குள் எறிந்துவிட வேண்டும். “என்ர கையில கண் இருக்கு,” என்று அவன் பெருமையடிப்பான்.

முகத்திலிருந்த கண் போய்க்கொண்டிருந்தது. இடது கண்ணில் வெள்ளை படர்ந்து முக்கால்வாசி மூடிவிட்டது, வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. இரண்டு வருடமாகிறது. யாழ்ப்பாணத்தில் பார்த்த டொக்டர் ஒப்பரேசனுக்குத் துண்டு எழுதித் தந்தார். அந்தத் துண்டு வீடு வந்து சேரவில்லை. கண்ணை வெட்டினால் கனநாளைக்குக் கடலில் இறங்க ஏலாது. வெட்டாமல் இருந்தாலும், கண் தெரியாதவன் என்று வெளியில் தெரிந்தால் ஒரு போட்டிலும் ஏற்ற மாட்டார்கள். காலில் கயிறு சுற்றுவதைக் காணாதவன் தானும் விழுவான், பக்கத்தில் நிற்கிறவனையும் விழுத்துவான். அப்படி ஒரு ஆளைக் கிறிஸ்தோப்பர் போன வருடம்தான் போட்டிலிருந்து இறக்கிவிட்டான். அதனால் அன்ரனிதாஸ் மனைவிக்கும் சொல்லவில்லை. கையை நம்பித் தொழில் செய்தான்.

ஓகஸ்ட் மாதம், சோளகக் காற்றோடு சொறி என்கிற இழுதுமீன் வந்தது. தொட்டால் தோல் வெந்துபோகும். வலை முழுக்கச் சளி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கிறிஸ்தோப்பர் தடித்த றப்பர் கிளவுஸ் இரண்டு சோடி வாங்கி வந்தான். ஆளுக்கொன்று போட்டுக்கொண்டார்கள். நிலம் வெளிக்காத நேரம் கரைக்கு வந்து, அன்ரனிதாஸ் வழக்கம்போல வலை கழற்றினான். வழக்கம்போல இடது கையைப் பின்னால் நீட்டினான். மூன்று தரம். மூன்றையும் சாக்கன் வாங்கிற்று.

வலை முடித்து எழும்பித் திரும்பியபோது மணலில் ஒரு மீன் தலை கிடந்தது. குனிந்து எடுத்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தான். கிளவுசைக் கழற்றித் தடவினான். கிளிச் சொண்டு மாதிரிப் பல்லு. பேத்தை.

சுற்றிப் பார்த்தான். கிறிஸ்தோப்பர் அந்தப் பக்கம் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு நின்றான். தலையைக் கடலுக்குள் எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

சாக்கன் முற்றம் வரை வந்திருந்தது. பின்னங்கால் இரண்டும் இழுபட்டன. வாயால் வீணீர் வடிந்தது. ஞானசவுந்தரி தேங்காய்ப்பால் பிழிந்து பருக்கினாள், உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. எட்டு மணிக்கு முன்னங்காலும் விட்டுப்போயிற்று. கண் மட்டும் தெளிவாக இருந்தது. தலையைத் திருப்ப ஏலாமல், கண்ணை மாத்திரம் உருட்டி அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தது. பத்து மணிக்கு மூச்சு நின்றது. பூவரசுக்குக் கீழே அன்ரனிதாஸ் அதைப் புதைக்கக் கிடங்கு வெட்டினான். ஞானசவுந்தரி தன் பழைய சீலையில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தாள்.

“மருந்துதான்,” என்றாள். “ஆர் வைச்சதெண்டும் தெரியும்.”

அடுத்த வீட்டு ஜசிந்தா கைம்பெண், கோழி வளர்த்துச் சீவிக்கிறவள். அதற்கு முந்தின வாரம் சாக்கன் அவளுடைய குஞ்சுகளில் இரண்டைத் தூக்கியிருந்தது. “உந்தக் கண்டறியாத பூனைக்கு ஒருநாளைக்கு மருந்து வைக்கிறன், இருந்து பாருங்கோ!” என்று ஜசிந்தா ஒழுங்கையில் நின்று கத்தினது உண்மை. எல்லாரும் கேட்டதும் உண்மை.

கிடங்குக்குப் பக்கத்தில் நின்று அன்ரனிதாஸ் வாயைத் திறந்தான். பேத்தை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று தெரியும். நாற்பது வருடம் தொழில் செய்தவனுக்குப் பேத்தை தெரியவில்லையோ? அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு மண்ணைத் தள்ளினான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். எழுபது நாளாயிற்று.

அந்த எழுபது நாளில் ஒழுங்கைச் சனம் ஜசிந்தாவிடம் முட்டை வாங்குவதை விட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளைக் கண்டால் “மருந்து, மருந்து,” என்று சொல்லிக்கொண்டு ஓடினார்கள். அன்ரனிதாஸ் கிளவுசை எறிந்துவிட்டு, சொறி பட்டு வெந்த கையோடு மீன் கழற்றினான். காகத்துக்குக்கூட ஒரு மீன் எறியவில்லை.

புதன்கிழமை பின்னேரம் ஜசிந்தா கரைக்கே வந்துவிட்டாள்.

“தம்பி தாஸ், உன்ர மனுசி மாதாவை வாங்கமாட்டாவாமே?”

“அவ சும்மா கதைக்கிறா, அக்கா.”

“சும்மா இல்லை, கிணத்தடியில நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறா. தம்பி, நான் வாயால சொன்னனான், கையால செய்யேல்லை. குஞ்சு போன கோவம் அது. நீ சொல்லு, நான் செய்திருப்பனெண்டு நீ நினைக்கிறியோ?”

அன்ரனிதாஸ் கடலைப் பார்த்தான். “எனக்கென்னக்கா தெரியும்,” என்றான்.

“அந்தக் கடவுளுக்குத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு ஜசிந்தா போனாள்.

வியாழக்கிழமை ஜசிந்தா வீட்டுச் செபமாலைக்கு நாலு பேர்தான் போனார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து அன்ரனிதாஸ் கேட்டான். அருள்நிறை மரியே என்று அவளுடைய குரல்தான் தனியாகத் தொடங்கிற்று, அவளுடைய குரலே முடித்தும் வைத்தது.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு அவள் சுரூபத்தோடு படலைக்கு வந்தாள். வெள்ளைச் சீலை, முக்காடு. பின்னால் இருபது பேருக்குக் குறையாது. செபத்துக்கு வராதவர்கள் எல்லாம் இதற்கு வந்திருந்தார்கள். கிறிஸ்தோப்பரும் நின்றான்.

“ஞானசவுந்தரி, மாதா வந்திருக்கிறா.”

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

“ஞானசவுந்தரி!”

கதவு திறக்கவில்லை. பழைய பாலை மரத்தில் செய்த சுரூபம், நல்ல பாரம். ஜசிந்தாவுக்கு அறுபத்தைந்து வயது. முழங்கை நடுங்கத் தொடங்கிற்று. “கதிரை ஒண்டு கொண்டுவாங்கோவன், அதில வைப்பம்,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“வைக்கமாட்டன். என்ர கை முறிஞ்சு விழுந்தாலும் வைக்கமாட்டன்.”

அன்ரனிதாஸ் படலையைத் திறந்துகொண்டு வந்து இரண்டு கையையும் நீட்டினான். “என்னட்டைத் தாங்கோ, அக்கா.”

“தரமாட்டன். என்னை நஞ்சுக்காரியெண்டு சொன்னவ வந்து வாங்கட்டும். விடியுமட்டும் எண்டாலும் நிப்பன்.”

சுரூபத்தின் கிரீடம் அவள் நடுக்கத்தில் ஆடுவதை அந்தப் பழுதான கண்ணாலும் அவன் கண்டான். நீட்டின கையைக் கீழே விட்டான்.

“அக்கா, நீங்கள் வைக்கேல்லை.”

“அதை எனக்கேன் சொல்லுறாய்?”

அவன் வீட்டுப் பக்கம் திரும்பினான். கதவைப் பார்த்துத்தான் சொன்னான், ஆனால் ஒழுங்கைக்கே கேட்டது. “ஜசிந்தாக்கா மருந்து வைக்கேல்லை. நான்தான் குடுத்தனான். பேத்தை. என்ர கையால குடுத்தனான்.”

கிறிஸ்தோப்பர் சிரித்துவிட்டான். “என்ன அண்ணை, பகிடியோ? உங்களுக்குப் பேத்தை தெரியாதோ?”

“தெரியேல்லை. கையில கிளவுஸ் கிடந்தது. கண் தெரியாது. ரெண்டு வருசமாத் தெரியாதடா.”

கிறிஸ்தோப்பரின் சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்தில் நின்றவன் அவனைப் பார்த்தான். கிறிஸ்தோப்பர் நிலத்தைப் பார்த்தான்.

“எழுபது நாள்,” என்றாள் ஜசிந்தா. அவள் கத்தவில்லை. “நேத்து முந்தநாள் கரையில வந்து கேட்டன். அப்பவும் வாய்க்குள்ள வைச்சிருந்தனி. கையில மாதா இருக்கிறா, இல்லாட்டி உன்ர மூஞ்சையில துப்பியிருப்பன்.”

“துப்புங்கோ, அக்கா.”

“போடா அங்கால.”

கதவு திறந்தது. ஞானசவுந்தரி முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். புருசனைப் பார்க்கவில்லை, மரத்தைச் சுற்றிப் போவது மாதிரி அவனைச் சுற்றிக்கொண்டு வந்து ஜசிந்தாவுக்கு முன்னால் நின்றாள். “அக்கா,” என்றாள். கையை நீட்டினாள்.

ஜசிந்தா உடனே கொடுக்கவில்லை. அவ்வளவு நேரம் நடுங்கின கையை இன்னும் கொஞ்சநேரம் நடுங்க விட்டாள். எழுபது நாள் அந்த ஒழுங்கை தன்னைப் பார்த்த மாதிரி அவளும் ஞானசவுந்தரியைப் பார்த்தாள். பிறகு, “பாரம். வடிவாப் பிடி,” என்று கொடுத்தாள்.

செபமாலை நடந்தது. வீடு நிறையச் சனம். ஜசிந்தா வாசற்படியில் முழங்காலில் நின்று முழுவதும் சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனாள். கடலையும் தேத்தண்ணியும் கொடுத்தபோது ஒருவரும் அன்ரனிதாசோடு பேசவில்லை. அவன் முற்றத்தில் கிறிஸ்தோப்பருக்குக் கிட்டப் போய் நின்றான்.

“நாளைக்கு எத்தினை மணிக்கு இறங்குவம்?”

கிறிஸ்தோப்பர் கோப்பைக்குள் பார்த்தான். ஒரு வாய் குடித்தான். “நாளைக்குக் காத்துச் சரியில்லையெண்டு கதைக்கிறாங்கள், அண்ணை.”

பனை ஓலை ஒன்றும் அசையவில்லை. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“நீங்கள் கண்ணை வெட்டிப்போட்டு வாங்கோ,” என்றான் கிறிஸ்தோப்பர். அவனுடைய வாயில் பகிடி ஒன்றும் வரவில்லை. “பேந்து பாப்பம். வலையை நாளைக்குப் பெடியளை விட்டு வீட்டில சேர்ப்பிக்கிறன்.”

“ஓம்,” என்றான் அன்ரனிதாஸ்.

சனம் போய்விட்டது. சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது. அன்ரனிதாஸ் நிலத்தில் சுவரோடு சாய்ந்திருந்தான். ஞானசவுந்தரி கோப்பைகளைப் பொறுக்கிக் குசினிக்குக் கொண்டுபோனாள், வந்தாள், போனாள். ஏச்சு வரும் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைப் பற்றிக் கேட்பாள், இனி என்னத்தைத் தின்னப் போகிறோம் என்று கேட்பாள். அதற்கெல்லாம் அவன் பதில் அடுக்கி வைத்திருந்தான்.

கடைசிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அவனுக்கு எதிரில் குந்தினாள்.

“அதைத் திண்டாப் பிறகு சாக்கன் என்ன செய்தது?”

சாக்கன் செத்த அன்றைக்கும், கிடங்கு வெட்டும்போதும், இந்த எழுபது நாளும் அவன் அழுததில்லை. அழுதால் உண்மை வந்துவிடும் என்று பயந்திருந்தான். இப்போது கண்ணாலும் மூக்காலும் வழிந்தது. புறங்கையால் துடைத்தான்.

“காலால முதுகைச் சுரண்டினது.”

“ஏன்?”

“இன்னும் ஒண்டு கேட்டது.”

அவள் கோப்பையை நிலத்தில் வைத்தாள்.

“குடுத்தியளோ?”

“ஓம்,” என்றான். “குடுத்தனான்.”